தம்பியின் பதினொரு கட்டுரைகளும் நான் கழுவிய ஓடுகளும்

அரிப்பு என்ற ஊரின் கடற்கரையில், ஓலை வீடொன்றில், எங்கள் குடும்பத்தின் கடைக்குட்டியாக என் தம்பி பிறந்தார். அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது அவர் நடை பழகியிருக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு வலை இழுக்கப் போனேன். மூன்று வள்ளம், மீனுக்கு ஐஸ் போடும் வாடி, லொறி எல்லாம் நான் தனியே உண்டாக்கியவை. எவரும் கைகொடுக்கவில்லை. தம்பியைப் பல்கலைக்கழகம் அனுப்பியதும் நான்தான்.

போய் என்னத்தைப் படித்தார்? எங்கள் ஊர் அருவியாற்றுச் சேறு!

"டொக்டராகப் போறான் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன். நீ சேறு கிண்டவோ போறாய்?" என்று கேட்டேன்.

"இதுக்கும் டொக்டர் பட்டம் குடுப்பினம் அண்ணை."

"ஊசி போடுவியோ?"

"இல்லை."

"பிறகென்ன டொக்டர்?"

ஊரில் அவருக்குச் 'சேத்து வாத்தி' என்று பெயர். செத்த வீட்டுக்கு மாலையோடு வந்து "எங்கட கல்விமான்" என்று அழுதவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள். முகங்கள் எனக்கு மறக்கவில்லை. அவர் எழுதிய பதினொரு ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பட்டியல் இந்த நினைவு மலரின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஒன்றையாவது படித்த சொந்தக்காரர் இருந்தால் முன்னுக்கு வரட்டும். நானும் படிக்கவில்லை. ஆனால் நான் படித்ததாக நடிக்கவில்லை.

சண்டைக் காலத்திலும் தம்பி ஆற்றங்கரையில் குழி வெட்டினார். "பங்கரோ வெட்டுறாய்?" என்று ஆமியும் கேட்டது, இயக்கப் பெடியளும் கேட்டார்கள். ஆறு முந்தி வேறோர் இடத்தில் கடலில் விழுந்தது, அந்த ஆற்றுவாயில் பழைய துறைமுகமொன்று இருந்தது என்பது அவருடைய கட்சி. கொழும்புப் பேராசிரியர் ஒருவர் அது வெறும் கற்பனை என்று எழுதினார். சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறு படாமல் சம்பளம் எடுத்த மனிதர்!

அவருக்குப் பதில் சொல்லத்தான் தம்பி ஒரு தகர டப்பா நிறையப் பானை ஓடுகளைச் சேற்றுக் கட்டியோடு வெட்டி எடுத்தார். பஸ்ஸில் கொண்டுபோனால் ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றியில் இரும்புக் கம்பியால் குத்தி உடைப்பார்கள். என் மீன் லொறியை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"பக்குவமாய்க் கொண்டுவாங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு அவர் முன்னே கொழும்புக்குப் போனார்.

கழுவாத சரக்கை நான் எந்தச் சந்தைக்கும் அனுப்பியதில்லை. என் தம்பியின் பெயரில் படித்த ஆட்களுக்கு முன்னால் சேறு போய் நிற்பதோ? ஒவ்வோர் ஓட்டையும் கடல் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பாயில் காயவைத்து, வைக்கோல் போட்டு அடுக்கினேன். கொழும்பில் டப்பாவைத் திறந்த தம்பி என்னைப் பார்த்தார்.

"சேறு எங்கை அண்ணை?"

"கழுவிப்போட்டன். இனி ஆருக்கும் காட்டலாம்."

ஆறு ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மேலுக்கு மேல் ஒரு படை சேறு போடுமாம். ஓடு எந்தக் காலத்தது என்று அந்தச் சேறுதான் சொல்லுமாம். இதெல்லாம் அவர் பிறகுதான் சொன்னார். அப்போது ஓர் ஓட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வடிவாய்க் கழுவியிருக்கிறியள்" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் சண்டை முற்றி ஊரே இடம்பெயர்ந்தது. அந்தக் குழிக்கு அவர் திரும்பவே இல்லை. பேராசிரியரின் பேச்சே நிலைத்துவிட்டது.

போன கிழமை தம்பியின் மகள் பட்டியல் தயாரிக்கும்போது ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பைத் தமிழில் வாசித்துச் சொன்னாள்: மாதிரிகள் போர்ச் சூழலில் அழிந்தன என்று தம்பி எழுதியிருக்கிறார்.

"ஆமியோ பெரியப்பா அழிச்சது?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

கடைசி நாட்களில் தம்பியைப் பராமரித்த தாதிமாருக்கும், சவப்பெட்டி சுமந்தவர்களுக்கும், முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்கொடுத்த பங்குச் சுவாமிக்கும், பந்தல் போட்ட வங்காலை மச்சான்மாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இவ்வளவு நீளத்துக்கு எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது அந்த மகள்தான். ஓடு கழுவிய இடம் வந்ததும் அவளுடைய பேனை நின்றது.

"ஆமி எண்டெல்லோ பெரியப்பா சொன்னியள்?"

"பொய் சொன்னனான். எழுது பிள்ளை."

எழுதியிருக்கிறாள். கொழும்புப் பேராசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆதாரம் இருந்தது ஐயா. அழித்தது போர் அல்ல, நான்.