நிலநடுக்கத்தின் மேல் போட்ட பழி

எங்கள் ஆய்வகத்தில் தமிழ் பேச இரண்டு பேர்தான். நான் விருதுநகரிலிருந்து வந்து ஹாஸ்டலில் கிடந்தவள். அவள் தில்லியிலேயே பிறந்தவள். அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர், மோதி பாக் குவார்ட்டர்ஸில் வீடு. அவள் பேசும் தமிழில் பாதி ஹிந்தி. ஆனால் டிபன் டப்பாவில் எனக்கும் சேர்த்து இட்லி வரும். ஐந்து வருஷம் அந்த இட்லியைத் தின்றவள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வேலை. செம்பு உப்பின் கரைசலை, அவரவர் தனித்தனியாகத் தயாரித்த ஒரு கரிமச் சேர்மத்தோடு இணைத்து நீலப் படிகம் வளர்க்க வேண்டும். படிகம் கிடைத்தால் எக்ஸ்-ரே கருவியில் வைப்பார்கள். கதிர் சிதறி விழும் புள்ளிகளைக் கணக்குப் போட்டால் செம்பைச் சுற்றி எந்த அணு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். அதற்குக் கடுகில் கால்வாசியாவது முழுப் படிகம் வேண்டும். பொடி உதவாது. அவளுடைய செம்பு நான்கு நைட்ரஜனைப் பிடித்திருப்பது வேறு சோதனைகளில் தெரிந்திருந்தது. ஐந்தாவதாக எதையாவது பிடித்திருக்கிறதா, எதை, என்பதுதான் கேள்வி. அது தெரியாமல் கட்டுரை போகாது, கட்டுரை இல்லாமல் ஆய்வேட்டை வாங்கமாட்டேன் என்று எங்கள் வழிகாட்டி சொல்லிவிட்டார்.

ஐந்தாவது வருஷம் மார்ச்சில் அவள் அப்பா ஓய்வு பெற இருந்தார், வீட்டைக் காலி செய்து சொந்த ஊரான தென்காசிக்கே போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இவளை விட்டால் பார்க்க ஆள் கிடையாது. ஆக அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரு குளிர்காலம்தான். மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்த சேர்மத்தின் கடைசி மிச்சத்தைக் கரைத்து ஒரு ஒல்லியான கண்ணாடி டியூபின் அடியில் விட்டாள். அதன் மேல் சொட்டுச் சொட்டாகச் செம்புக் கரைசல். இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்க வேண்டும். சந்திக்கும் கோட்டில் வாரக்கணக்கில் மெல்லப் படிகம் வளரும். டியூப் அசைந்தால் எல்லாம் ஒரேயடியாகக் கலந்து பொடியாக விழுந்துவிடும்.

என் மூன்று டியூப்களும் அதே ஸ்டாண்டில் இருந்தன. "அரே, அந்தப் பக்கம் மூச்சுகூட விடாதேடி," என்பாள். அவளே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் பார்ப்பாள். அப்படி ஒரு விரதம்.

ஜனவரியில் ஒரு நாள். வெயில் கண்ணில் பட்டு ஒரு வாரமாகியிருந்தது. நான்தான் முதலில் வந்தேன். அவள் டியூபில், அந்தக் கோட்டில், ஏதோ மின்னியது. என் மூன்றிலும் ஒன்றுமில்லை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. அது படிகமாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். நிச்சயப்படுத்திக்கொள்ள டியூபை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன்.

படிகம்தான். தூசு அளவில் நான்கைந்து. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் போதும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே இருந்த நீலம் புகை மாதிரி அடியில் இறங்கியது. டியூப் முழுக்கக் கலங்கிப் பொடி விழ ஆரம்பித்தது. இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.

அவள் ஒன்பதரைக்கு வந்தாள், மஃப்ளரைக் கழற்றினாள், ஸ்டாண்டைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும் வேறு எதையோ கேட்டேன்.

பதினொன்றரை இருக்கும், நாற்காலி ஆடியது. ஃபேன் கம்பி ஊசலாடியது. எல்லோரும் மாடிப்படி இறங்கிப் புல்வெளிக்கு ஓடினோம். சில நொடிகள்தான், நின்றுவிட்டது. "என் டியூப்," என்று அவள் உள்ளே திரும்பப் போனாள். காவலாளி விடவில்லை, இன்னொரு தடவை ஆடுமாம். அவர் அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது நான் பின்பக்கப் படியில் ஏறினேன்.

அங்கே நான் செய்ததை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. என் மூன்று டியூப்களையும் ஒவ்வொன்றாக எடுத்து நன்றாக ஆட்டி வைத்தேன். பக்கத்தில் இருந்தவை தப்பித்து அவளுடையது மட்டும் கலைந்திருந்தால் சந்தேகம் வருமே. அந்த நேரத்தில் அவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறேன். மறுபடி தொடங்க என்னிடம் என் சேர்மம் ஒரு குப்பி நிறைய மீதி இருந்தது என்பதையும் யோசித்திருப்பேன்.

அவள் வந்து தன் டியூபைப் பார்த்தாள். பிறகு என்னுடையதைப் பார்த்தாள்.

"உன்னோடதும் போச்சாடி?" என்று என் தோளைப் பிடித்தாள். "எனக்காவது ஒண்ணு. உனக்கு மூணும் போச்சே."

"ம்," என்றேன்.

"அச்சா, விடு. பூகம்பத்தோட யாரு சண்டை போடறது."

அன்றைக்கு டப்பாவில் இருந்த ஆறு இட்லியில் நான்கை என் பக்கம் தள்ளினாள். தின்றேன்.

மார்ச் கடைசியில் அவர்கள் ரயிலேறினார்கள். ஆய்வேடு கொடுக்கப்படவில்லை. எனக்குக் கோடையில் நல்ல படிகம் கிடைத்தது, எக்ஸ்-ரேயில் புள்ளிகள் வரிசையாக விழுந்தன, பட்டம் வாங்கினேன், இங்கேயே ஒரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது. அவள் தென்காசியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறாள். அவள் செம்பு ஐந்தாவதாக எதைப் பிடித்திருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தில்லியில் நிலம் ஆடுவது புதிதில்லை. டிவியில் செய்தி வந்த ஐந்தாவது நிமிஷம் அவள் மெசேஜ் வந்துவிடும். தமிழ் எழுத வராது, ஆங்கில எழுத்தில்தான் அனுப்புவாள். போன வாரமும் வந்தது.

"உன் டியூப் எல்லாம் பத்திரமாடி? அன்னிக்கு மாதிரி போயிடலியே?"

ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவது என்றுதான் போனை எடுக்கிறேன். "எல்லாம் பத்திரம்," என்று அனுப்பினேன்.