இரண்டாம் மாடிச் சர்க்கரையும் நான்காம் மாடிச் சர்க்கரையும்

காலைக் காபி குடிக்காத மனிதர்களை மட்டுமே பார்த்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது. மும்பைத் தாராவியில் ஆறு மணிக்குக் கிளம்பி, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாட்டுங்காவிலும் திலக் நகரிலும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் கொண்டு சேர்ப்பேன். இதே தொழிலில் இருக்கும் சகோதர சகோதரிகளே, வெறும் வயிற்றோடு இருப்பவரிடம் நியாயம் பேச முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வெறும் வயிறு தேர்தல் ரிசல்ட்டையும் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதும் இந்த முறை தெரிந்திருக்கும். ஜெயித்தவர்களுக்கு ஜெயித்தது போதவில்லை. தோற்றவர்கள் தோற்றதை ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் ஊசியோடு நின்றது நாம்தான்.

ஒரே நாற்காலி

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடம். இரண்டாம் மாடியில் ராமசேஷன் மாமா, பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். நான்காம் மாடியில் ஹரிஹரன் மாமா, ரயில்வேயில் இருந்தவர். மனைவி காலமாகிவிட்டார், பையன் புனேயில், இவர் தனியாக இருக்கிறார். இருவரும் முப்பது வருடச் சிநேகிதர்கள். இருவருக்கும் சர்க்கரை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நான் வருகிற அன்று, ஹரிஹரன் மாமா கீழே இறங்கி வந்துவிடுவார். ஒரே நாற்காலி. ஒருவர் எழுந்ததும் மற்றவர் உட்காருவார். ராமசேஷன் மாமாவின் மனைவி பார்வதி மாமி இருவருக்கும் சர்க்கரை போடாத காபி கொடுப்பாள். அப்புறம் இருவரும் ஃபைவ் கார்டன்ஸ் பார்க் வரைக்கும் நடக்கப் போவார்கள். அந்த நடை மட்டும் தினமும் உண்டு, மழையானாலும் குடையோடு உண்டு.

ரிசல்ட் வந்த வாரம் நான் போனபோது ராமசேஷன் மாமா மட்டும் உட்கார்ந்திருந்தார். ஹரிஹரன் மாமா இன்னும் இறங்கி வரவில்லையா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"தேசத் துரோகிக்கெல்லாம் என் ஆத்துல நாற்காலி கிடையாது, செல்வி."

பக்கத்துக் குழாய்

ஐஸ் பெட்டியோடு நான்காம் மாடி ஏறினேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதுதான் இல்லை. ஹரிஹரன் மாமாவும் அதே இரண்டு வார்த்தையைத்தான் கீழ்வீட்டுக்காரருக்கு வைத்திருந்தார். ஆக, ஒரே கட்டடத்தில் இரண்டு தேசத் துரோகிகள், இருவருக்கும் நான் ரத்தம் எடுக்கிறேன் என்று ஆயிற்று.

ஹரிஹரன் மாமா ஊசிப் பாக்கெட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சீல் பிரியவில்லையே என்று பார்த்தார். கீழே குத்தின ஊசி இல்லையே என்று கேட்டார். ஒவ்வொருவருக்கும் புது ஊசிதான் மாமா என்றேன். திருப்தியாகக் கையை நீட்டினார். ரத்தம் எடுத்துக் குழாயில் பெயர் எழுதிப் பெட்டியைத் திறந்தால், உள்ளே ராமசேஷன் மாமாவின் குழாய் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"அவன் பக்கத்துல என்னை வெக்காதே. அந்த மூலையில வை."

தாராவியில் ஒரு சந்தேகம்

மாட்டுங்காவில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தாராவிச் சந்தில் சுடலைமுத்து அண்ணாச்சி தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் மனைவிக்குத் தைராய்டு. அண்ணி யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. கேட்டால் அண்ணி சிரிப்பாளே தவிர சொல்ல மாட்டாள். ரிசல்ட் வந்த அன்று அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, அண்ணி சேமியா பாயசம் வைத்திருக்கிறாள். அதில்தான் அவருக்குச் சந்தேகம் வலுத்துவிட்டது.

நான் அண்ணிக்கு ரத்தம் எடுத்து முடிக்கும் வரை பொறுமையாக நின்றார். பிறகு வாசல் வரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏ தங்கச்சி, தைராய்டு பாக்கதோட சேத்து, இவ யாருக்கு ஓட்டுப் போட்டான்னும் பாத்துச் சொல்ல முடியுமா?"

ரிமோட்

மாட்டுங்கா மாமாக்கள் இருவருக்கும் அந்த முறை சர்க்கரை எகிறிவிட்டது. இனி மாதா மாதம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரணம் எனக்குத் தெரியும். இருவரும் நடப்பதை நிறுத்திவிட்டார்கள். பார்க் ஒன்று, உட்காரும் பெஞ்சும் ஒன்று. போனால் மற்றவன் முகத்தில் விழிக்க வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். காலையிலிருந்தே டிவியில் விவாதம். ராமசேஷன் மாமா நாற்காலியில் இருந்தபடியே கையை ஆட்டி ஆட்டி அதில் கலந்துகொள்வார். அதுவே தேகப்பயிற்சி என்று அவர் எண்ணம்.

ஒரு நாள் அவருக்குப் பிரஷரும் பார்க்கச் சொன்னார்கள். முதலில் பார்த்தபோது மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து எனக்கே படபடப்பு வந்தது. மாமி ரிமோட்டை எடுத்துப் பக்தி சேனலுக்கு மாற்றினாள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நன்றாக இறங்கியிருந்தது. மாமி மெஷினையும் பார்த்தாள், மாமாவையும் பார்த்தாள்.

"மாத்திரையை நிறுத்திடலாமான்னு டாக்டரைக் கேளு. ரிமோட்டை நான் ஒளிச்சு வெச்சுக்கறேன்."

மூன்றாம் மாடியில் இருட்டு

சுதந்திர தினம் வந்தது. வருடா வருடம் கட்டட வாசலில் ராமசேஷன் மாமா கொடியேற்றுவார், ஹரிஹரன் மாமா தேசிய கீதம் பாடுவார். ரயில்வே கேண்டீனே திரும்பிப் பார்த்த குரல் அது. இந்த முறை வாசலில் ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக இரண்டாம் மாடி பால்கனியில் ஒரு பெரிய கொடி. அதைப் பார்த்துவிட்டு நான்காம் மாடியில் அதைவிடப் பெரிய கொடி, இரண்டு ஆள் நீளம்.

மறுநாள் காலை மூன்றாம் மாடியில் குஜராத்திக்காரர் ஒருவருக்கு ரத்தம் எடுக்கப் போனேன். வீட்டுக்குள் விளக்குப் போட்டிருந்தார்கள். நரம்பு சரியாகத் தெரியவில்லை, ஜன்னலைத் திறங்கள் என்றேன். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது என்றார். மேல்மாடிக் கொடி கீழே வரை தொங்கி ஜன்னலையும் துணிக் கம்பியையும் சேர்த்து மூடியிருந்தது. யாரும் கை வைக்கத் துணியவில்லை. கொடியாயிற்றே. அவர் இந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"நானும் தேசபக்தன்தான், சகோதரி. ஆனா என் வீட்டுத் துணியை எங்கே காயப்போடறது?"

என் தவறு

இத்தனை மாதமும் இருவரும் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, அவனுக்கு எத்தனை என்பதுதான். தன் எண்ணைக் கேட்பதற்கு முன்பே அதைக் கேட்பார்கள். ஒருவர் ரிப்போர்ட்டை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது என்பது நம் தொழிலின் முதல் பாடம். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது சிரமமாகவும் இருந்தது. ஹரிஹரன் மாமா காலில் ஒரு சின்னப் புண் ஆறாமல் இருந்ததை நான் பார்த்துவிட்டேன். டாக்டரிடம் காட்டுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். ஆகட்டும் என்றார், போகவில்லை. அதட்டிக் கூட்டிப் போக ஆள் இல்லை. அதட்டிக்கொண்டிருந்தவர் இரண்டு மாடி கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் ரிப்போர்ட் வந்தபோது நான் ரயிலில் ஒரு கையால் தொங்கிக்கொண்டிருந்தேன். என் போனில் இருவர் பெயரும் "மாட்டுங்கா மாமா 2", "மாட்டுங்கா மாமா 4". இரண்டுக்கு நாலையும் நாலுக்கு இரண்டையும் அனுப்பிவிட்டேன். தெரிந்து அழிப்பதற்குள் இரண்டு பக்கமும் நீல டிக் விழுந்துவிட்டது. வேலை போயிற்று என்றே முடிவு செய்தேன்.

முதலில் கூப்பிட்டது ராமசேஷன் மாமா. திட்டவில்லை. இது ஹரியோடது, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். அதைச் சொல்லக்கூடாது மாமா, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். அவ்வளவு அமைதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பத்து நிமிடத்தில் நான்காம் மாடி கூப்பிட்டது.

"பார்வதி பக்கத்துல இருந்தும் இவனுக்கு இவ்வளவா? அப்போ ஒளிச்சு ஜிலேபி திங்கறான், செல்வி. எனக்குத் தெரியும் அவனை."

பார்க்கில்

மறுநாள் காலை நேரில் மன்னிப்புக் கேட்கப் போனேன். மாமி கதவைத் திறந்து, இருவரும் வீட்டில் இல்லை என்றாள். விடிந்ததும் ராமசேஷன் மாமா மாடி ஏறிப் போய் பெல் அடித்து, செருப்பை மாட்டிக்கொள் என்று மட்டும் சொன்னாராம். அவரும் ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டிக்கொண்டு வந்தாராம். பத்து மணிக்கு டாக்டரிடம் கால் புண்ணைக் காட்ட இவரே நேரமும் வாங்கிவிட்டாராம்.

ஃபைவ் கார்டன்ஸுக்குப் போனேன். தூரத்திலேயே குரல் கேட்டது. இருவரும் வேக வேகமாக நடந்துகொண்டு, தேர்தலைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். நாய்களோடு நடந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். துரோகி என்ற வார்த்தை இரண்டு பக்கமும் தாராளமாகப் போய் வந்தது. ஹரிஹரன் மாமா கால் வலியில் சற்றுப் பின்தங்கினால் ராமசேஷன் மாமா நின்று, அவர் வந்து சேர்ந்த பிறகு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

சமாதானம் ஆகிவிட்டீர்களா மாமா என்று கேட்டேன். ராமசேஷன் மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"சமாதானமா? அடுத்த எலெக்‌ஷன்ல இவன் மூக்கை உடைக்கப் போறேன். அதுக்கு இவன் உயிரோட இருக்கணுமோல்லியோ?"

இப்போது இருவருக்கும் சர்க்கரை இறங்கிவிட்டது. யாருக்கு அதிகம் இறங்கியது என்று மட்டும் நான் மூச்சு விடுவதில்லை, ஏனென்றால் அந்த ரிசல்ட்டையும் இருவரில் ஒருவர் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.