எண்ணாமல் வாங்காதவள்

செல்வப்பிரியா எதையும் எண்ணிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். தீப்பெட்டியைக்கூடக் கடையிலேயே பிரித்துவிடுவாள்.

“குச்சியெல்லாம் சொகமா இருக்குதா அம்மணி?” என்பார் கடைக்கார ஆறுச்சாமி.

அவள் என் கணவரின் தங்கை. பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் எங்கள் மாடியறையில் உட்கார்ந்தே கொச்சிக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள். நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் என்ற புரோகிராமை எழுதுகிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். காபி கொண்டுபோகும்போது காதில் விழுந்ததைத்தான் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரிலிருந்து தகவல் சின்னச் சின்னக் கட்டாக, பாக்கெட்டாகத்தான் வெளியே போகுமாம். ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும், அது யாருக்கு என்று சொல்லும் தலைப்பகுதி ஒன்று உண்டு. கம்ப்யூட்டரையே நடத்தும் கெர்னல் அதை டிரைவரிடம் கொடுக்கும். தலைப்பகுதி பதினான்கு பைட் நீளம் இருக்கும் என்று நம்பி டிரைவர் வாசிக்கும். பத்துதான் வந்திருந்தால், பக்கத்தில் கிடக்கும் குப்பையையும் சேர்த்து வாசித்து மெஷினே நின்றுவிடும். போன வைகாசியில் ஒரு வாடிக்கையாளரின் மெஷின்கள் அப்படித்தான் அடிக்கடி நின்றன. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் செல்வப்பிரியாவுக்கு வேலை இல்லை.

நீளம் குறைந்தால் பாக்கெட்டைத் தள்ளிவிடச் சொல்லி இரண்டு வரி எழுதினாள். மேலதிகாரி அமர்நாத், கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், வீடியோவில் மறுத்தார்.

“கெர்னல் தந்தத என்னத்துக்கு எண்ணிண்டிருக்கே? ஆத்து மனுஷாளையே சந்தேகப்படறாப்லன்னா இருக்கு!”

“நங்கை, அந்த அதிரசத் தட்ட எடுத்துட்டு வாங்க” என்றாள் என்னிடம். அண்ணியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

தயங்கித் தயங்கி எடுத்து வந்தேன். அவளுக்கு நிச்சயம் முடிந்து, மாப்பிள்ளையின் அம்மா காளியாத்தாள் காலையில் அனுப்பிய தட்டு அது. முறைக்கு இருபத்தொன்று இருக்கும். சம்பந்தி வீட்டுத் தட்டை யாரும் எண்ணமாட்டோம், எண்ணினால் அவமரியாதை.

சம்பந்தி வீட்டுத் தட்டு, இருபத்தொன்று இருக்கவேண்டும் என்று அமர்நாத்திடம் சொல்லிவிட்டு, அவள் கேமராவுக்கு முன்னால் எண்ணினாள். பத்தொன்பது.

“பேஷ்! கல்யாணத்துக்கு முன்னாடியே மாமியார் ரெண்டு குறைச்சுட்டாளே!” என்றார் அவர்.

அவள் முகம் வாடிவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றபடி, “அவிய குறைக்கலீங்க. நாந்தானுங்க ரெண்டு தின்னுபோட்டேன்” என்றேன்.

அமர்நாத் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றினார். “தந்தவா மேல தப்பே இல்லே. நடுவுல போயிடுத்து! சரி, எண்ணியே வாங்கு.”

வியாழக்கிழமை அந்த இரண்டு வரியையும் சேர்த்து, வேண்டுமென்றே பத்து பைட் தலையோடு ஒரு பாக்கெட் விட்டார்கள். டிரைவர் அதைத் தள்ளியது. மெஷின் நிற்கவில்லை.

இப்போது நான்கு மாதமாகிறது. ஒரு மெஷினும் நிற்கவில்லை. செல்வப்பிரியா அதே வேலையில் இருக்கிறாள். தட்டு எண்ணப்பட்டது காளியாத்தாளுக்கு இன்னும் தெரியாது.