ஊதுபத்திப் புகை நேராக நின்ற கம்பெனி

"நான் அடைச்ச ரூமுக்குள்ள காத்து வரணும்னா, என்கிட்ட பர்மிஷன் வாங்கினுதான் வரணும்!"

போன ஏப்ரலில், ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனி ஒன்றின் பேஸ்டிங் செக்‌ஷன் வாசலில் நின்றுகொண்டு ஜெயப்பிரகாஷ் இப்படி அருள்வாக்கு சொன்னார். முதலாளி ஒவைஸ் பாய் கேட்டார். தோலில் பசை தடவும் பெண்கள் கேட்டார்கள். அவர்களில் ஒருத்தியான ஜெயப்பிரகாஷின் மனைவி மெர்சியும் கேட்டாள். காற்றும் அங்கேதான் இருந்தது. அது பதில் சொல்லவில்லை.

இப்பேர்ப்பட்டவரின் வரலாற்றை எழுதி வைக்காமல் விட்டால் ஊருக்குத்தான் நஷ்டம். பேர்ணாம்பட்டு ரோட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பிறந்தார், அங்கேயே வெந்தார். அந்தக் கோபத்தில் ஏசி மெக்கானிக் ஆனார். பல வருஷம் பிறர் வீட்டைக் குளிர வைத்த பிறகு அவருக்கு ஞானம் பிறந்தது: ஏசி மேல் குற்றமில்லை, கட்டடம்தான் ஓட்டை. சென்னைக்குப் போய்க் கட்டட ஓட்டை அடைக்கும் பயிற்சி முடித்து, தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் துப்பாக்கி ஒன்றோடு திரும்பினார். அன்றுமுதல் எதிர்ப்பட்டதையெல்லாம் சுட்டார். சுவரைச் சுட்டார், மொட்டை மாடியைச் சுட்டார், பிரியாணி தேக்சாவைச் சுட்டார். மாமியாரின் நெற்றியைச் சுட்டு "நார்மல்தான்" என்று அறிவித்தபோது மட்டும் வீட்டில் யாரும் நம்பவில்லை.

துப்பாக்கியைவிட அவர் நம்பிய ஆயுதம் ஊதுபத்தி. ஜன்னல் ஓரமாகப் பிடித்தால், புகை வளைகிற இடத்தில் ஓட்டை. அங்கே நுரைத்து இறுகும் ஃபோமை அடித்து அடைக்க வேண்டியது. புகை கோடு போட்ட மாதிரி நேராக நின்றால் அந்த அறை தேறியது.

"இன்னாங்க, பாக்கெட் பாக்கெட்டா வாங்கினு வர்றீங்க. மதம் மாறிட்டீங்களான்னு பாஸ்டர் கேட்டா நான் இன்னா சொல்றது?" என்பாள் மெர்சி.

"எனர்ஜி மிச்சம் பண்றார்னு சொல்லு."

"உங்க எனர்ஜி வீட்டு வேலையில நல்லாவே மிச்சம் ஆவுது."

ஒவைஸ் பாயின் கம்பெனிதான் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய களம். கூரைக்கு வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடித்தார். ஃபால்ஸ் சீலிங் போட்டார். ஜன்னல்களைப் பூட்டி இடுக்கெல்லாம் ஃபோம் ஏற்றினார். கடைசியில் பேஸ்டிங் செக்‌ஷன் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று எதிரியாக நின்றது.

"பாய், நீங்க காசு குடுத்து குளிர் பண்றீங்க. இது அதை அள்ளி ரோட்ல கொட்டுது."

"தூக்கிப் போடு தோஸ்த்," என்றார் பாய்.

ஃபேன் இறங்கியது. அந்த வட்ட ஓட்டையில் தகடு ஏறியது, தகட்டைச் சுற்றி ஃபோம். ஊதுபத்தி கொளுத்தினார், புகை நேராக நின்றது. அருள்வாக்கு பிறந்தது அப்போதுதான். மறுநாள் பசை டப்பாக்கள் திறந்தன.

அந்தப் பசைக்குத் தொழிலில் சொலூஷன் என்று பெயர். வாடை கண்ணைக் கரிக்கும். வேறு ஊரில் ஒரு மூக்காவது புகார் செய்திருக்கும். ஆனால் இது ஆம்பூர். தோல் பதனிடும் ஷாப்பு நாற்றத்திலேயே பிறந்து, அதிலேயே பல் துலக்கி, அதற்கு நடுவிலேயே பிரியாணி சாப்பிட்டு வளர்ந்த மூக்குகள். இங்கே வாடையைப் பற்றிப் பேசினால் வெளியூர்க்காரன் என்று அர்த்தம்.

எனவே பெண்களுக்குத் தலை வலித்தபோது, "ஏசி ஒத்துக்கல" என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். மெர்சி குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். காரணமில்லாமல் சிரித்தாள். ஜெயப்பிரகாஷ் இதைக் குடும்ப மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

கோயம்புத்தூரிலிருந்து மெஷின் ரிப்பேருக்கு ஒருவர் வரும்வரைதான் இந்த மகிழ்ச்சி. அவர் பேஸ்டிங் செக்‌ஷன் கதவைத் திறந்தார், கர்சீப்பால் மூக்கைப் பொத்தினார், பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார்.

"கண்ணு எரியுதுங்க. உள்ள எப்படிங்க இருக்காங்க?"

"வெளியூர் மூக்கு. டெலிகேட்டு," என்றார் ஒவைஸ் பாய். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயப்பிரகாஷ் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

சாயங்காலம் மெர்சியிடம், "நாளைக்கு லீவு போடேன்" என்றார்.

"ஊரே வெந்துனு கீது, எங்க ரூம் மட்டும் ஊட்டி. இன்னாத்துக்கு லீவு?"

"சும்மாதான்."

"இன்னா, பயப்படுறீங்களா?"

"பயமா? எனக்கா?" என்றார். உண்மையைச் சொன்னால் ஏப்ரலில் சொன்னதை விழுங்க வேண்டும். அது தொண்டையில் இறங்காது என்று நினைத்தார். மெர்சி வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அவரால் தன் கடையில் உட்கார முடியவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். கால் மட்டும் இன்ஸ்பெக்டர் கால் மாதிரி நடக்கவில்லை. கதவைத் திறந்தார். மெர்சிக்கு அடுத்த இடத்துக்காரி அமிர்தவள்ளி மேஜையில் தலை வைத்திருந்தாள். மெர்சி பிரஷ்ஷைத் தோய்த்து, தோலை விட்டுவிட்டு, வெறும் மேஜைமேல் பசை தடவிக்கொண்டிருந்தாள். ஓரம் பிசகாமல், அவ்வளவு அக்கறையாக.

"மெர்சி."

அவள் நிமிர்ந்து சிரித்தாள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஜெயப்பிரகாஷுக்கு மூளை நின்றுபோக, கை பழகின வேலையைச் செய்தது: பையிலிருந்து ஊதுபத்தியையும் லைட்டரையும் எடுத்தது.

அமிர்தவள்ளி தலையைத் தூக்கினாள். "அண்ணே! சொலூஷன் தொறந்து கீது! மொத்தமா கொளுத்திட்டுப் போலாம்னு வந்தியா?"

லைட்டர் பைக்குள் திரும்பியது. அவர் ஒரு தையல் நூலை எடுத்து, தகடு அடித்த ஓட்டைக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினார். நூல் நேராகத் தொங்கியது. ஆடவே இல்லை. இவ்வளவு கச்சிதமான வேலையை அவர் அதுவரை செய்ததில்லை.

"எல்லாரும் வெளிய வாங்க! டப்பாவை மூடினு வாங்க!"

மெர்சியை இழுத்துக்கொண்டு புங்க மரத்தடிக்கு வந்து உட்கார வைத்தார். கூப்பிட்டார், பதில் இல்லை. கன்னத்தைத் தட்டினார், கண் எங்கேயோ இருந்தது. மறுபடி கூப்பிட்டபோது அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் குனிந்து வாந்தி எடுத்தாள். பிறகு, "இன்னா வெயிலு... ஏன் வெளிய கூட்டினு வந்தீங்க?" என்று திட்டினாள். ஜெயப்பிரகாஷ் வாழ்நாளில் வாங்கிய திட்டுகளிலேயே இதைத்தான் இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஓடிவந்த ஒவைஸ் பாய், "அந்த ஃபேனைத் திருப்பி மாட்டி ஸ்விட்சைப் போடு!" என்று உள்ளே பாய்ந்தார்.

"பாய், ஸ்விட்ச் பக்கம் போவாதீங்க! ஒரு பொறி போதும். முதல்ல காத்து போவட்டும்."

பாயின் கார், மெர்சியையும் அமிர்தவள்ளியையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டது. அமிர்தவள்ளி இப்போது தெளிவாகவே பேசினாள். எல்லாம் ஜெயப்பிரகாஷைப் பற்றிய வசவுதான். மெர்சி கண்ணாடியை இறக்கி, "நீங்க வர்லியா?" என்றாள்.

"அடுத்த ஷிப்ட்டு வர்றதுக்குள்ள ஒரு வேலை கீது. பின்னாலயே வர்றேன்."

கர்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு தனியாக உள்ளே போனார். ஜன்னல்களைத் திறந்தார். ஸ்டூலில் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தான் அடித்த ஃபோமை விரலாலேயே பிய்த்தார். தகட்டைத் தள்ளினார். அது வெளிப்பக்கம் விழுந்தது.

சித்திரை வெயிலும் தூசியும் தோல் ஷாப்பு நாற்றமுமாக ஓர் அனல் அவர் முகத்தில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆணியில் நூல் ஆடத் தொடங்கியது. ஜெயப்பிரகாஷ் ஸ்டூலிலிருந்து இறங்கி, அது ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.