தறிக்குழி அளவில் செய்த கட்டில்

எங்கள் வீட்டில் கட்டில் என்று ஒன்று இருந்ததில்லை. ஒரு பாய் கிழிந்தால் அடுத்த பாய். அப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. பகலெல்லாம் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து தறி நெய்கிறவர்களுக்கு, பொழுது சாய்ந்தால் முதுகை நீட்ட இடம் கிடைத்தால் போதும். 'அசந்தவனுக்குத் தரையே மெத்தை' என்பார்கள் எங்கள் தெருவில். என் மனைவியின் இடுப்பு மூட்டு தேய்ந்துபோகும் வரைக்கும் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இனிமேல் தரையில் உட்காரவே கூடாது, படுப்பது கட்டிலில்தான், ஓரத்தில் உட்கார்ந்தால் ரெண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும் என்றார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கட்டில்ல படுத்தா நானே எழுந்துக்கலாங்களா?"

"எழுந்துக்கலாம்மா."

பஸ்ஸில் திரும்பும்போது அதையே மூன்று தடவை சொன்னாள். அதற்குக் காரணம் உண்டு. ரெண்டு மாசமாகக் காலையில் அவளைப் பாயிலிருந்து தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒரு கக்கத்தில் நான், இன்னொரு கக்கத்தில் பக்கத்து வீட்டு அக்கா. அந்த அக்கா பவர்லூம் ஷெட்டுக்கு வேலைக்குப் போகிறவள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அக்கா வரும் வரைக்கும் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டியவள் என் மனைவி. அதற்காகவே விளக்கு வைத்த பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கே அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

"நாலு பேர் சேர்ந்து இழுத்தா தேரு. என்னைய ரெண்டு பேரு இழுக்கறீங்க. நான் அரைத்தேரு, அக்கா" என்று அவள் சிரிப்பாள். அக்காவும் சிரிப்பாள். என் மனைவி எழுந்து போன பிறகு பாய் ஈரமாக இருந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் யாரும் சிரிக்கவில்லை.

கடைத்தெருவில் மரக்கட்டில் விலையைக் கேட்டுவிட்டு, கேட்காதவன் மாதிரி வந்துவிட்டேன். இரும்புக் கட்டில் மலிவு. ஆனால் கையை வைத்தாலே ஆடியது. அப்புறம்தான் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். மிஷின் வந்து இறங்கும் பெட்டிகளின் பலகையை வைத்தே கட்டில், அலமாரி எல்லாம் செய்கிறார்கள். ஆணி ஓட்டையை அடைப்பதில்லை, கணுவை மறைப்பதில்லை. பெரிய வீடுகளில் அப்படி இருப்பதுதான் இப்போது அழகாம். நம்மிடம் இருக்கிற ஏழ்மைக்கு ஊரில் இப்படி ஒரு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா வேலை செய்யும் ஷெட்டுக்குப் பின்னால் அப்படிப்பட்ட பெட்டிப் பலகைகள் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. அவளே முதலாளியிடம் கேட்டுச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். கட்டிலின் காலுக்கு மட்டும் அந்தப் பலகை தாங்காது. என் பார்வை எங்கே போகிறது என்று என் மனைவி பார்த்துவிட்டாள். இனி அவள் உட்காரப்போகாத அவளுடைய தறி.

"அதையே அறுங்களேன். நான்தான் இனிமே அதுல ஏறப்போறதில்லியே."

"இருக்கட்டும். வேற கட்டை தேடறேன்."

"வேற எங்க தேடுவீங்க? முப்பது வருசம் என் ஒதையத் தாங்கிகினு இருந்த கட்டைங்க. என்னைய தாங்காதா?"

தறியைப் பிரித்தேன். குழி மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

தெருமுனையில் ஜன்னல் செய்யும் ஆசாரியிடம் துளை போடும் மிஷினை இரவல் கேட்டேன். "தறிக்காரன் உளியப் புடிச்சா கட்டை அழுவும், ஆசாரி தறி நாடாவப் புடிச்சா பட்டு அழுவும். பாத்துங்க. ஜல்தி திருப்பிக் குடுத்துடுங்க, எனக்கு வேலை கீது" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார். கட்டை ஒன்றும் அழவில்லை. பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த இடத்தில் ஒரு பட்டு நூலை இழுத்துப் பார்த்தேன். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி தேய்ப்பேன். ஒரு வாரத்தில் நூல் எங்கும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

மிச்சமிருந்தது உயரம். இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அவள் படுத்திருந்த பாயருகே உட்கார்ந்தேன். முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் அளந்துவிட்டால் முடிந்தது. அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பண்றீங்க? படுத்துகினு இருக்கறவங்கள அளக்கறீங்களே. பாடைக்குத்தான் அப்பிடி அளப்பாங்க."

எங்கள் பக்கம் அது உண்மைதான். சாவு வீட்டில் மூங்கில் வெட்டுகிறவர்தான் படுத்திருக்கிற உடம்புக்கு அளவு எடுப்பார். மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. டேப்பைச் சுருட்டிவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவள் தறிக்குழி இருக்கிறதே. கல்யாணமாகி வந்த வருஷம் அவள் காலுக்கென்றே வெட்டிய குழி. முப்பது வருஷம் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்ட இடம். அதைவிட நிச்சயமான அளவு எது? ஒரு குச்சியைக் குழியின் அடிவரை இறக்கி, விளிம்பு மட்டத்தில் கோடு போட்டேன். அந்த அளவுக்கே நான்கு கால்களையும் அறுத்துக் கட்டிலை முடுக்கினேன்.

மறுநாள் காலை அக்காவும் நானும் அவளைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தோம். அவள் காலைத் தொங்கவிட்டாள். பாதம் தரையைத் தொடவில்லை. நான்கு விரற்கடை மேலேயே நின்றது. கட்டை விரல் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. தறியில் உட்கார்ந்தவள் கால் என்றைக்குக் குழியின் அடியைத் தொட்டது? அது மிதிகட்டை மேல் அல்லவா இருந்தது. மிதிகட்டை அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் கயிற்றில் தொங்கும். நானும் நெய்கிறவன்தான். என் குழியின் அடி சூடா, குளிரா என்று என் காலுக்கும் இதுவரை தெரியாது.

"ஆழம் தெரியாம காலை உடாதேன்னு சொல்வாங்க. நீங்க ஆழத்தை அளந்தே உட்டுட்டீங்க" என்றாள் அவள். கோபமில்லை. "சாயங்காலம் அறுத்துக்கலாம். இப்போதைக்குக் கீழ எதனா வையுங்க."

கையில் கிடைத்தது அவளுடைய பழைய மிதிகட்டைதான். அதைப் படி மாதிரி போட்டுவிட்டு, "நான் வர்ற வரைக்கும் எறங்காத" என்று சொல்லி, மிஷினை ஆசாரியிடம் கொடுக்கப் போனேன். அக்கா வேலைக்குப் போய்விட்டாள். ஆசாரி டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றார். குடித்தேன். அந்த டீயை இன்றுவரை நான் மறக்கவில்லை.

நான் வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். யாரையும் கூப்பிடாமல் ஒரு தடவை தானே எழுந்து பார்த்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். கட்டை மேல் காலை வைத்திருக்கிறாள். வைத்த காலுக்குத் தெரிந்தது ஒரே வேலைதான், மிதித்துவிட்டது. கட்டை புரண்டது.

"பழக்கத்துல மிதிச்சிட்டேங்க" என்றாள், தப்புச் செய்தவள் மாதிரி.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன், கம்பி, ஒரு மாசம் ஆஸ்பத்திரி. திரும்பி வரும்போது அவள் பாதி ஆளாக இருந்தாள். நடப்பதைப் பற்றி டாக்டர் பேசவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை. அதே கட்டிலில்தான் படுக்கவைத்தோம். அவளைத் துடைப்பது, புரட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் இப்போது என் வேலை. புண்ணுக்குக் கட்டுப்போட வந்த நர்ஸம்மா கட்டிலைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல உயரமா செஞ்சிருக்கீங்க. குனிய வேண்டியதில்ல, பாத்துக்கறவங்களுக்கு வசதி."

நர்ஸம்மா போன பிறகு மனைவி கட்டிலின் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள்.

"உங்க அளவுக்குச் சரியா அமைஞ்சிட்ச்சு போல" என்றாள்.

அது உண்மை. அந்த உயரத்தில் என் முதுகு வலிக்கவில்லை. சாயங்காலம் அறுத்துக்கலாம் என்று அவள் சொன்னதை நான் மறந்துவிட்டதாகவே நடந்துகொண்டேன்.

"டேப்பை எடுத்துகினு வாங்க."

"எதுக்கு?"

"என்னைய அளங்க."

பக்கத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அக்கா, "வாணாம்மா, அச்சானியமாப் பேசாத" என்றாள்.

"அக்கா, அளக்காம இருந்து இன்னா வாழ்ந்துட்டேன்? பாடைக்கும் ஒருநாளு அளக்கத்தான் போறாங்க. அதுக்கு முன்னாடி தரைக்கு ஒருவாட்டி அளக்கட்டும்."

அளந்தேன். முழங்காலின் மடிப்பிலிருந்து குதிகால் வரைக்கும். சரிதானா என்று இரண்டாவது தடவையும் அளந்தேன். முறிந்த இடுப்போடு அவளைத் தரையில் இறக்க முடியாது, படுக்கவைக்க வேறு இடமும் இல்லை. கட்டிலின் சட்டத்துக்குக் கீழே நான்கு மூலையிலும் செங்கல் அடுக்கி முட்டுக்கொடுத்து, அவள் படுத்திருக்கவே ஒவ்வொரு காலாக அறுத்தேன். ரம்பம் இழுக்க இழுக்கக் கட்டில் அதிர்ந்தது.

"தறி ஓட்டற மாதிரி கீது" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு.

அக்கா ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்க, செங்கல்லை ஒவ்வொன்றாக உருவினேன். அறுத்த நான்கு துண்டுகள் சுவரோரம் கிடந்தன. பிறகு இரண்டு பேருமாக அவளைப் பிடித்து ஓரத்தில் உட்காரவைத்தோம். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். காலை இறக்கினாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன.

"சில்லுனு கீது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கைய எடுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் எடுத்தேன். அக்காவும் எடுத்தாள். அவள் தானாக உட்கார்ந்திருந்தாள். கஞ்சி ஆறி ஆடை படிகிற நேரம் வரைக்கும் இருந்திருப்பாள். அப்புறம் சாய்ந்துவிட்டாள், பிடித்துக்கொண்டோம்.

இன்றைக்கு வரைக்கும் அவள் எழுந்து நிற்கவில்லை. தினமும் காலையில் காலைத் தரையில் வைத்து உட்காருகிறாள், கையை எடுக்கச் சொல்கிறாள். நான் குனிந்துதான் அவளைத் துடைக்கிறேன். நான்கு விரற்கடை குனிவது ஒரு முதுகுக்கு எவ்வளவு என்று இப்போது எனக்குத் தெரியும்.