படுக்கவைத்த துண்டு

என் மனைவியின் கை எப்போதும் சில்லென்று இருக்கும். கல்யாணமான புதிதில் அந்தக் கையைப் பிடித்துவிட்டு நான் பதறியதை இன்றும் சொல்லிச் சிரிப்பாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குப் பெயரே ஐஸ்பெட்டிதான். நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த சதைத் துண்டை உறையவைத்து, குளிர்பெட்டிக்குள் கைவிட்டு, ஊதினால் பறந்துவிடும் அளவுக்கு மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவது அவள் வேலை. சீவும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வீட்டில் வெங்காயம் நறுக்கும்போதும் அதே கதைதான். நானும் எத்தனை நாள்தான் சுவரோடு பேசுவது!

அவளுடைய தங்கை, என் மச்சினி, குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடப்பாள். போன மழைக்காலத்தில் நீச்சல் குளத்துப் படியில் கால் மடங்கி விழுந்தாள். அப்புறம் மாடி ஏறவே முட்டியில் கையை ஊன்ற வேண்டியிருந்தது. சதை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

"என் தங்கச்சியோடத வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

சதை என்பது நூல்களைக் கட்டிவைத்த மாதிரி. அந்த நூல்கட்டை நிற்கவைத்துக் குறுக்கே சீவ வேண்டும். அப்போது ஒவ்வோர் இழையும் ஒரு வட்டமாகத் தெரியும். இழையின் ஓரத்தைத் தாங்குகிற புரதம் ஒன்று உண்டு. அது இருந்தால், சாயம் போட்டபின் வட்டத்தின் விளிம்பு பச்சையாக ஒளிரும். மச்சினியின் துண்டில் பாதி வட்டங்கள் ஒளிர்ந்தன, மீதி இருட்டு.

"பாதி செத்துப்போச்சா மாமா?" என்று படத்தைக் காட்டி என்னிடம் கேட்டாள். எனக்கென்ன தெரியும்! அன்றோடு குளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கொடியில் அவள் நீச்சலுடை விறைத்துத் தொங்கியது.

மீதமிருந்த துண்டை ஐஸ்பெட்டி இன்னொரு சோதனைக்கு எடுத்தாள். கண் கலங்கியதோ என்னவோ, நிற்கவைக்க வேண்டியதைப் படுக்கவைத்து உறையவிட்டுவிட்டாள். சீவிய பிறகுதான் உறைத்தது.

"கெடுத்துட்டேன் மேடம்" என்று அழுதிருக்கிறாள்.

"சரி, கெட்டது கெட்டுப்போச்சு. சாயத்தைப் போடு, பாப்போம்" என்றிருக்கிறார் பரிசோதனைக்கூடத்து டாக்டரம்மா.

பார்த்துவிட்டு எங்களையும் கூப்பிட்டனுப்பினார். இருட்டறை. மச்சினி வெகுநேரம் மைக்ராஸ்கோப்பைவிட்டு நகரவில்லை. அப்புறம் நான் கண்ணை வைத்தேன். அறையும் நாற்காலியும் எங்கோ கரைந்துபோயின. கறுத்த தண்ணீரில், இந்தத் தடவை வட்டங்களாக இல்லாமல், பச்சைக் கரைகளோடு இழைகள் நீண்டு மிதந்தன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு நானும் மிதந்துபோனேன். ஒளிர்ந்தது. மங்கியது. அணைந்தது. போச்சு என்று நினைத்தேன். கொஞ்சம் தள்ளி அதே இழை மறுபடி மெல்லப் பச்சைகட்டத் தொடங்கியது.

"ஒரே இழைக்குள்ள வழிநெடுக நிறைய உட்கரு இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "ஒவ்வொண்ணும் தன் அக்கம்பக்கத்துக்கு மட்டும்தான் அந்தப் புரதத்தைச் சமைச்சுப் போடும். உனக்குச் சில அடுப்பு எரியுது, சிலது எரியல. குறுக்க வெட்டின இடத்துல இருட்டுன்னா, இழை முழுக்க இருட்டுன்னு ஆயிடாது."

"அப்போ நீந்தலாமா?"

"குணமாயிடும்னு நான் சொல்லல. இதயத்தையும் பாத்துக்கிட்டே இருக்கணும். ஆனா இந்த வகைச் சதை நோய் நெறைய பேருக்கு மெதுவாத்தான் முத்தும். இதயச் சோதனை நல்லா வரட்டும், அப்புறம் அளவா நீந்து."

நல்லபடியாகவே வந்தது. ஒரு காலைப்பொழுதில் மூவரும் குளத்துக்குப் போனோம். யாருமில்லாத தண்ணீர், கூரைக் கண்ணாடி வழியே வெயில். மச்சினி கம்பியைப் பிடித்து இறங்கினாள். கை வீசினாள். நடுக்குளத்தில் கால்கள் நின்றுபோயின. தலை உள்ளே போயிற்று.

ஐஸ்பெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டாள், என் கையையும். அந்தச் சில்லிட்ட கை வியர்த்திருந்தது.

கொஞ்சம் தள்ளித் தலை மேலே வந்தது. மச்சினி முகத்துத் தண்ணீரை வழித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, மூச்சை விடு!" என்று அங்கிருந்தே கத்தினாள்.