கொசுறின் விலை

தூடா விற்ற கம்பளம் எதுவும் கொசுறு இல்லாமல் ஊரைத் தாண்டியதில்லை. கடைக்கு வருகிறவருக்கும் அப்படித்தான், இணையத்தில் வாங்கும் ஜெர்மன்காரருக்கும் அப்படித்தான். வாங்கியவரை வெறுங்கையோடு அனுப்பினால் விற்ற காசு தங்காது என்பது அவள் ஊரான தஸ்னாக்தின் வழக்கம்.

சுங்கத் தாளில் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் விலை எழுத வேண்டும். கம்பளத்துக்கு நூற்று நாற்பது யூரோ என்று எழுதினாள். கொசுறாக வைத்த திண்டு உறைக்கு இருபது. அதை நெய்த நாத்தனாரின் உழைப்பைச் சும்மா என்று எழுத மனம் வரவில்லை. அந்த நேர்மைதான் அவளைக் கவிழ்த்தது.

"நூத்தம்பது யூரோவுக்கு மேல போனா உன் வரி எண் செல்லாதுக்கா," என்றான் கூரியர் கடை இத்தர். "வாங்கினவங்க அப்பவே கட்டின வரி கணக்குல வராது. அவங்க வாசல்ல வச்சு சுங்கத்துக்காக மறுபடியும் கேப்பான்."

"உறைக்கு நான் ஒரு காசு வாங்கலையேப்பா?"

"வாங்காததுக்கு விலை போட்ட வள்ளல் நீதான். தனியா அனுப்பியிருக்கணும், இல்ல வைக்காமலே இருந்திருக்கணும்."

முன்பு வாங்கியவர்கள் ஏற்கனவே ஒவ்வொருவராகப் பொட்டலத்தை மறுத்திருந்தார்கள். திரும்பி வரும் செலவும் அவள் தலையில் விழுந்தது. இன்னொரு புகார் வந்தால் அவளுடைய இணையக் கடையை மூடுவோம் என்று விற்பனைத் தளம் எச்சரித்திருந்தது. போன வாரம் அனுப்பியவை எல்லாவற்றிலும் உறை இருந்தது.

"அதையெல்லாம் திருப்பிக் கூப்பிடு இத்தர். உன் காலைப் பிடிக்கிறேன்."

"கப்பல் ஏறிடுச்சுக்கா. நீந்தியா போவேன்?"

கூரியர் கடையில் மிஞ்சியது ஹாம்பர்க் போக வேண்டிய ஒரே பொட்டலம். அதைப் பிரித்து உறையை வெளியே எடுத்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பட்டினியாக அனுப்புகிறோம் என்று தோன்றியது. கொடுப்பதற்கு அனுமதி கேட்க வேண்டிய உலகத்தில் விற்க வந்தது யார் தப்பு?

அப்போதுதான் அவள் கைபேசியில் செய்தி வந்தது. இத்தர் வாங்கிப் படித்தான். பிரேமன் நகரத்து அம்மா ஒருத்தி, இரண்டு தடவை வரி வாங்கும் மோசடிக்காரி என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே தளத்தின் ஒற்றை வரி: கடை மூடப்பட்டது.

ஒட்டும் நாடாவோடு இத்தர் தயங்கி நின்றான். "இதை அனுப்பவா, வேணாமா?"

"காசு கொடுத்தவங்க பொருள். ஒட்டு."

வீட்டை நெருங்கும்போதே தறியில் நூலை இறுக்கச் சீப்பால் அடிக்கும் சத்தம் கேட்டது. நாத்தனார்கள் மூவரும் அடுத்த கம்பளத்தை ஆரம்பித்துவிட்டார்கள். கதவில் கை வைத்தவள் தள்ளாமல் அப்படியே நின்றாள்.